பெயருக்கு எதிரே ஒரு வலி

பெயருக்கு எதிரே ஒரு வலி, அப்படித்தான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு மகளின் வரன், சொர்ணவேல் அண்ணாச்சிக்கு எதிரே அவர் மனைவி, மதினியின் முழங்கால், எல்லோரும் சென்னையில் பட விநியோகம் செய்கிறவர்கள், நான் மழை நிற்காத இந்த அயல்நாட்டு ஊரான பெர்கனில் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன், மாதம் ஒருமுறை நூலகக் கூடத்தில் தமிழ்ப் படம் போடுகிறேன், வருவது நாற்பது பேர், அந்த நாற்பது டிக்கெட்டுக்குள் படத்தின் ரேட்டு அடங்க வேண்டும், அடங்காவிட்டால் படம் இல்லை, படம் இல்லாத மாதம் நான் யாரோடும் தமிழில் பேசுவதில்லை, எடுத்த எடுப்பில் ரேட்டைக் கேட்டால் ஏறிவிடும், முதலில் வீட்டு நலம் விசாரிக்க வேண்டும், ஏழு வருடமாக விசாரிக்கிறேன், மதினியை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் தட்டுகளைக் கழுவும்போது அவர் என் கண்ணுக்குள் படியேறி வருகிறார், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று, எந்த வீட்டுப் படி, நூலகத்துப் படியா, தெரியவில்லை, சனிக்கிழமை காட்சி, புதன்கிழமையாகியும் படம் உறுதியாகவில்லை, நோட்டைப் பிரித்துக்கொண்டு கூப்பிட்டேன், மதினிக்கு முழங்கால் எப்படி இருக்கு அண்ணாச்சி, அந்தப் பக்கம் மின்விசிறியை நிறுத்துகிறார், அவ போய்ச் சேந்து நாப்பது நாளாச்சுடே, ஒனக்கு யாரும் சொல்லலியா, பேனாவை மூடுகிறேன், திறக்கிறேன், மறுபடி மூடுகிறேன், இந்தத் தடவ முழு ரேட்டும் தாரேன் அண்ணாச்சி என்று வாய் தானாகச் சொல்கிறது, அவர் சிரித்தாரா இருமினாரா, கோட்டிக்காரப் பயலே, ஒனக்கு நான் என்னைக்குடே ரேட்டு சொன்னேன், சொன்னதெல்லாம் அவதாம்லா, எம் மூட்டுவலிய விசாரிக்க ஒரே ஆளு அந்தத் தம்பிதான், அவங்கிட்ட கறாரா பேசாதியன்னு பக்கத்துலயே நிப்பா, நீ எழுதி வச்சுத்தான் கேக்கன்னு எனக்குத் தெரியும், தாள் பெரட்டுத சத்தம் போன்ல கேக்கும்லா, அவகிட்ட சொல்லல, பழைய ரேட்டே அனுப்பு, படம் நாளைக்கு வரும், வந்தது, சனிக்கிழமை நாற்பது பேரும் சிரித்தார்கள், நான் கடைசி வரிசையில் வாசல் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேட்பதற்கு எந்தப் படமும் இல்லாமல், அண்ணாச்சியைக் கூப்பிட்டேன், நோட்டு மேசைமேல் மூடியே கிடந்தது, முதல் மணியிலேயே எடுத்தார், என்னடே, படம் ஓடுச்சா, ஓடுச்சு அண்ணாச்சி, அதற்கு மேல் என்ன கேட்பதென்று நான் எந்தப் பக்கத்திலும் எழுதி வைக்கவில்லை, அவரும் போனை வைக்கவில்லை.