கை தட்டக் கூடாது

வல்லி போன ஏழாம் மாதத்தில் ஜார்ஜ் டவுனில் விளக்கும் இசையும் சேர்ந்த திருவிழா வந்தது. கடலோரத் திடல் மேடையில் சுகுமாரனின் மகள் ரூபினி தன் கல்லூரிக் குழுவோடு பாடுவதாக இருந்தாள். மனைவி வல்லி இறந்த வீட்டில் ஓராண்டுக்கு விசேஷம் கிடையாது. தீபாவளிக்கே அவர்கள் வீட்டில் பலகாரச் சட்டி அடுப்பேறவில்லை.

"நீங்க வரலன்னா நான் பாடல. அம்மாவும் இல்ல, நீங்களும் இல்ல, நான் யாரப் பாத்துப் பாடறது?" என்றாள் ரூபினி.

சுகுமாரன் சுங்கை பாக்காப் ஊரில் இருந்த அக்கா ருக்குமணிக்குப் போன் போட்டார். குடும்பத்தில் எது கூடும், எது கூடாது என்பதற்கு அவள்தான் பஞ்சாங்கம்.

"துக்க வீட்டுக்காரன் விளக்கு வேடிக்க பாக்கப் போவானா தம்பி?"

மகன் கோகுலன் போனைப் பறித்துக்கொண்டான். "அத்தை, இது கவர்மெண்ட் ஏத்துற விளக்கு. நம்ம வீட்டு விளக்கா? ரோட்டுல விளக்கு எரியுதுன்னு அப்பா கண்ண மூடிக்கிட்டா காடி ஓட்டுறாரு?"

மறுமுனையிலிருந்து தீர்ப்பு வந்தது. போகலாம். ஆனால் புதுத்துணி உடுத்தக் கூடாது. இனிப்பைத் தொடக் கூடாது. முக்கியமாக, கை தட்டக் கூடாது.

"கை தட்டுறது சந்தோஷம்லா. அது மட்டும் வேணாம். வல்லிக்கு நாம வேற என்னத்தச் செய்யப் போறோம், சொல்லு?"

சுகுமாரன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கைதட்டல் என்றாலே அந்த வீட்டில் வல்லிதான். தாளம் அவளுக்குப் பிறவியிலேயே வராது. பள்ளி ஆண்டு விழாவோ கோயில் பஜனையோ, எல்லாரும் தட்டி ஓய்ந்த இடத்தில் அவள் கை மட்டும் பட்டென்று விழும். "அம்மா, மானத்த வாங்காத!" என்று ரூபினி தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்த பாட்டுக்கு வல்லி இன்னும் பலமாகத் தட்டுவாள்.

சனிக்கிழமை அலமாரியைத் திறந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. நல்ல சட்டைகள் எல்லாம் வல்லி வாங்கி வைத்தவை. பாதி இன்னும் விலைச்சீட்டோடு தொங்கின. பழசு என்று துணிந்து சொல்லக்கூடியது ஜுருவில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சீருடை ஒன்றுதான்: நீலச் சட்டை, நெஞ்சிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் பட்டை. அதையே மாட்டிக்கொண்டார்.

"அப்பா, ஓவர்டைமா?" என்றான் கோகுலன்.

"ஒங்க அத்தை ரூல்ஸ்லா. வாய மூடிக்கிட்டு வா."

கடலைக் கடந்து ஃபெரிப் படகை விட்டு இறங்கியதுமே ஊர் வேறாக இருந்தது. பழைய வங்கிக் கட்டடத்தின் சுவரில் ஒளியால் ஆன மீன்கள் தூணுக்குத் தூண் நீந்தின. ஒரு முனையில் சீனப் பிள்ளைகளின் பெரிய முரசு, மறுமுனையில் உறுமி. நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கால் எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியவில்லை. சுகுமாரன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு நடந்தார்.

சீருடையைப் பார்த்தவர்கள் அவரைத் திருவிழா வேலையாள் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கழிவறை எங்கே என்றார். ஒரு பாட்டிம்மா ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். "பாத்துச் சொல்றேன்," என்று சுகுமாரன் தலையாட்டினார். கோகுலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

திடலில் நெருங்க முடியாத கூட்டம். ஆனால் மேடைக் காவலர் சட்டையைப் பார்த்ததும் தடுப்பை விலக்கி, சீக்கிரம் என்று கையைக் காட்டினார். கோகுலன் ஒரு தண்ணீர்ப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு உதவியாளாகப் பின்னாலேயே நுழைந்தான்.

ரூபினி மேடைக்கு வந்தாள். முதல் வரி நூல்போல இளைத்து வந்தது. அவள் கண்கள் இருட்டில் தேடின. மேடை விளக்கு ஒரு சுற்றுத் திரும்பியது. சுகுமாரனின் நெஞ்சுப் பட்டை பளீரென்று எரிந்தது. அப்பா! அதன் பிறகு அவள் குரல் எங்கிருந்தோ ஏறி வந்து திடலை நிறைத்தது.

பாட்டு முடிந்தது. கூட்டம் தட்டித் தீர்த்தது. ரூபினி அவரையே பார்த்தாள். பைக்குள் அவர் விரல்கள் முறுக்கிக்கொண்டன. கொடுத்த வாக்கு.

எல்லாரும் ஓய்ந்த பிறகு, பின்னாலிருந்து தனியாக ஒரு கை தட்டியது. பட். பட்.

சுகுமாரன் சடாரென்று திரும்பினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ருக்குமணி அக்கா. தலையில் மின்னி மின்னி அணையும் முயல் காது. கையிலிருந்த பஞ்சு மிட்டாயைக் கக்கத்தில் செருகி முடிப்பதற்குள் ஊர் தட்டி ஓய்ந்துவிட்டது.

"அக்கா! நீ எங்க இங்க?"

"நீ கை தட்டுறியான்னு பாக்க வந்தேன்."

"தலையில என்ன அத்தை?" என்றான் கோகுலன்.

"பக்கத்து வீட்டுக் காமாரியா போட்டு விட்டா. அவதான் கூட்டியாந்தா. கழட்டத் தெரியலடா, சும்மா இரு." பிறகு தம்பியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "புள்ள உன் கையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிது. தட்டித் தொலையேன்."

"நீதானக்கா வேணாம்னு..."

"நான் சொன்னா? பொறந்ததுலேருந்து எதுல என் பேச்சக் கேட்ட நீ? இதுல மட்டும் கேப்பியா? வல்லி இருந்தா இந்நேரம் என்னை ஏசியிருப்பா." அவள் கண் கலங்கியிருந்தது. முயல் காது விடாமல் மின்னியது.

இரண்டாம் பாட்டு தொடங்கியது. துள்ளலான பாட்டு, கூட்டமே தாளம் போட்டது. சுகுமாரன் கைகளை வெளியே எடுத்தார். தாளம் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நொடி காத்திருந்து, ஊரே ஓய்ந்த இடத்தில், உள்ளங்கை எரிய ஓங்கித் தட்டினார்.

பட்.

ரூபினி திடுக்கிட்டாள். மறுகணம், பாடிக்கொண்டே, அத்தனை பேர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பில் ஒரு வரி நழுவிப் போனது. அதை அவள் பிடிக்கப் போகவில்லை. சுகுமாரன் இன்னும் பலமாகத் தட்டினார்.