பத்தாயிரத்து ஏழு செங்கல்

நாகப்பன் வீட்டுச் செங்கல் மொத்தம் பத்தாயிரத்து ஏழு. ஒன்றை எடுத்து ஏரியில் எறிந்தாலும் விடிவதற்குள் எண்ணிக்கை பழையபடி ஆகிவிடும். பாரிவாக்கத்துக்கு இது தெரியவந்தது 1987இல், நாகப்பனின் காரியம் முடிந்த மறுநாள். வீடு ஏரிப் புறம்போக்கு, பட்டா கிடையாது. மண் சர்க்காருடையது, கல் மட்டும்தான் அப்பனுடையது என்று மகன்கள் தேவராஜும் சின்னசாமியும் சுவரை இடித்து, கல்லை மூன்று பங்காக அடுக்கினார்கள். மூன்றாவது பங்கு தங்கை நாகவல்லிக்கு. அதை வைத்துக் கரையான்சாவடியில் ஓர் அறை கட்டி, தான் கட்டிக்கொள்ளவிருந்த தங்கவேலோடு குடிபோக அவள் நினைத்திருந்தாள். எட்டு வருடம் அப்பாவின் படுக்கையை மாற்றிப்போட்டபடியே, மனசுக்குள் அந்த அறைக்குச் சுண்ணாம்புகூட அடித்து முடித்திருந்தாள்.

இரண்டு கல் மிஞ்சியது. ஐந்தாக, ஏழாக, பதினொன்றாக அடுக்கினாலும் மிச்சம் விழுந்தது. மிச்சத்தை விட்டுவிட்டு வண்டியில் ஏற்றிப்போன பங்குகளும் காலையில் குவியலுக்கே திரும்பியிருந்தன. கணக்கு வாத்தியார் பக்தவத்சலம் வந்து அரை நாள் வகுத்துப் பார்த்தார்.

"இது பகா எண்ணுப்பா. ஒண்ணாலயும் அதாலயும்தான் வகுபடும். ஒருத்தருக்கே உட்டுடுங்க. இல்லாங்காட்டி பத்தாயிரத்து ஏழு பேர இட்டாந்து ஆளுக்கொரு கல்லு குடுங்க."

"எலெக்சன் மீட்டிங்குக்கே அவ்ளோ பேரு வரமாட்டான் சார்," என்றான் சின்னசாமி.

"நீயே வச்சிக்கினு அழு," என்று தங்கையிடம் சொல்லிவிட்டு தேவராஜ் ஆவடிக்குக் கிளம்பினான்.

அதே கல்லால் அதே வீட்டை நாகவல்லி மறுபடி கட்டினாள். தங்கவேல் தாலி கட்டிக் குடிவந்தான். இரவு அவள் பக்கத்தில் படுத்தவன் காலையில் பாயோடு தெருவில் கிடந்தான். ஏழு நாளும் அப்படியே.

"இன்னா நாகு, நீ தள்ளிவுடறியா, ஊடு தள்ளிவுடுதா?"

பக்கத்தில் ஒருவர் மூச்சுவிடும்போது தனக்குள் ஏதோ ஒன்று சுவர்போல இறுகுவதை அவள் உணர்ந்திருந்தாள். அது கல்லிலிருந்து தனக்கு வந்ததா, தன்னிடமிருந்து கல்லுக்குப் போனதா என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். பிறகு வேறு கல்யாணம், மூன்று பிள்ளைகள். அவள் அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டு ஒன்பது வருடம் தனியே இருந்தாள்.

1996இல் ஏரி உடைந்தது. குமணன்சாவடி வரைக்கும் இருந்த ஜனம் நாகவல்லியின் ஒற்றை அறை வீட்டுக்குள் வந்தது. எல்லோருக்கும் இடம் இருந்தது. தங்கவேலும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். யாரையும் வீடு தள்ளவில்லை. நாகவல்லி வந்தவர்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்தாயிரத்து ஆறோடு நின்றது. பிறகு தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும், அடுப்புக்கு முட்டுக்கொடுக்கச் சுவரிலிருந்து ஆளுக்கொரு கல்லை உருவிக்கொண்டு போனார்கள். யாரும் கேட்கவில்லை, அவளும் தடுக்கவில்லை. தங்கவேல் ஒன்றை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தான். எதுவும் திரும்பி வரவில்லை. சேற்றில் கடைசியாக ஒரே ஒரு கல் கிடந்தது.

மிச்சமில்லாமல் வகுபட்டிருந்தது. நாகவல்லி தன் பங்கைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டு, எட்டு மணி ஷிப்டுக்குப் பஸ் ஏறினாள்.