விருச்சிகத்தில் தெரிந்த வெளிச்சம்

இரண்டாயிரத்து ஏழு, ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசி அச்சகத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: முதலாளி அய்யாதுரை, விருதுநகர்க் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அவர் மகள் ரோஷினி, மேனேஜர் லட்சுமிகாந்தம், காலண்டர் ஏஜென்ட் ஊர்க்காவலன்.

கடைக்காரர்களிடம் காட்டி ஆர்டர் பிடிக்கும் மாதிரித் தாள்களின் தொகுப்பான அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை முடிந்திருந்தது. மஞ்சள் தடவிய முதல் தாளில் விருச்சிக ராசி. அடியில், ‘எங்கள் குடும்பம் கண்டறிந்த புதிய சீனிவாசகம் நட்சத்திரம்’. சீனிவாசகம், அய்யாதுரையின் தகப்பனார்.

அந்தத் தாளை எடுத்துவிடச் சொன்னாள் ரோஷினி.

காலையிலிருந்து நின்றதில் கால் கடுக்க, அய்யாதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். பிப்ரவரியில் அவள் விடியற்காலைதோறும் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்து வெளிநாட்டு வானியல் சங்கத்துக்கு எழுதியதும், அங்கிருந்து பதிவு எண் வந்ததும் அவருக்குத் தெரியும். சிவகாசியில் தீப்பெட்டி லேபிளுக்குப் பதிவு எண் வந்துவிட்டால் பெயர் நம்முடையது. வானத்திலும் அப்படித்தான் என்று நம்பியிருந்தார்.

ரோஷினி பொறுமையாகச் சொன்னாள். எண் அவளுடைய குறிப்புக்கு வந்தது, நட்சத்திரத்துக்கு அல்ல. வெளிச்சம் மாறுகிற நட்சத்திரங்களை, ஏன் மாறுகின்றன என்று பார்த்துப் பிரிப்பார்கள். சில விம்மித் தணியும். சிலவற்றைத் துணை நட்சத்திரம் குறுக்கே வந்து மறைக்கும். இது நோவா, வெடிக்கிற வகை. செத்துச் சுருங்கிய பழைய நட்சத்திரம், பக்கத்திலிருப்பதன் வாயுவை இழுத்து மேலே சேர்த்து, ஒருநாள் பற்றிக்கொள்ளும், ஆனால் அழியாது. எத்தனை நாளில் மங்குகிறது என்று கணக்கிட்டு, வேகமானது, மெதுவானது என்று மேலும் பிரிப்பார்கள். அதற்குத்தான் அவளைப் போன்றவர்களின் அளவீடு. இந்த நோவாவை முதலில் பார்த்தவர்கள் ஜப்பான்காரர்கள்.

“அண்ணாச்சி, அம்புட்டு தூரம் ஏறிப்போயி எவன் பார்க்கப் போறான்? நம்ம ஊரு ராக்கெட்டே பாதி வழியில அவிஞ்சிரும்” என்றார் ஊர்க்காவலன். இந்தத் தாளைச் சொல்லித்தான் மதுரையில் பாதி ஆர்டர் பிடித்திருந்தார்.

அய்யாதுரை மகளைப் பார்த்தார்.

“அப்ப தாத்தா பேரு அங்கன எங்கயும் இல்லையா?”

“இல்லப்பா.”

பூஜை போட்ட தாளைக் கிழித்தால் சீசன் விளங்காது என்று லட்சுமிகாந்தம் கையைப் பிசைந்தார். அய்யாதுரை எழுந்தார், முதுகை நிமிர்த்திக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

“பொய்யில எங்கப்பா பேரு போகவேண்டாம்” என்று தாளை அவரே கிழித்தார். மிச்ச ஆல்பங்களிலும் கிழிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மதுரை ஆர்டர் கைவிட்டுப் போகும் என்றார் ஊர்க்காவலன். போகட்டும் என்றார் அவர்.

அய்யாதுரை அந்த நட்சத்திரத்தை ஜப்பான்காரர்களுக்கு விற்றுவிட்டதாகக் கடைவீதியில் பேசிக்கொள்கிறார்கள். விற்கவில்லை. அது அவருடையதாக இருந்ததே இல்லை.