மண் தின்ற எஞ்சின்

எஞ்சினின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தண்ணீர்க் குடத்துக்குப் பிரிமணையாக வைத்திருந்தான் என் தம்பி ஜெரால்ட். ஆத்திரத்தில் எனக்குக் கண் இருட்டிவிட்டது. குடத்தை எட்டி ஓர் உதை விட்டேன்.

அப்பா விட்டுப்போனது ஒரே டீசல் எஞ்சின். ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் வாய்க்காலை ஆற்றுத் தண்ணீர் இந்த வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரை இந்த எஞ்சின் இறைத்தால்தான் இருவருக்கும் குறுவை நெல். கதிர் பால் பிடிக்கிற நேரம், இந்த வாரம் காய்ந்தால் அத்தனையும் பதர். எஞ்சின் ஏன் இப்படி ஆயிலைக் குடிக்கிறது என்று பார்க்கத்தான் அவன் முறையன்று போனேன்.

முன்னாலேயே நட்டிருந்த பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது கிளப்பிய நெல் சுணையும் புழுதியும் எஞ்சினின் திறந்த வாய்க்குள் நேராகப் போயின.

"எத்தனை நாளாடா இப்படி ஓட்டுறே?"

"என் முறை வர்றப்பல்லாம் கழட்டிருவேன். நீ வர்றதுக்குள்ள மாட்டிருவேன். மாட்டினா எஞ்சினுக்கு மூச்சு முட்டுதுண்ணே. கழட்டினா தண்ணி பிச்சிக்கிட்டு வருது."

"அடைச்சா சுத்தம் பண்ணி மாட்டணும்டா, அறிவுகெட்டவனே! மண்ணு உள்ள போயி பிஸ்டன் ரிங்கைத் தின்னுருச்சு, ஆயில் மேல ஏறி எரியுது. அதான் நீலமா புகையுது!"

"ஆமா, பெரிய மெக்கானிக்கு!"

பளாரென்று அறைந்தேன். அவன் என் வயிற்றில் முட்டினான். காய்ந்த வாய்க்காலுக்குள் கட்டிப் புரண்டோம். அவன் கழுத்தை நெரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன் செத்தால் தேவலை என்றுதான் இருந்தது.

அப்போது எஞ்சின் அலறியது. தேய்ந்த ரிங் வழியே ஏறிய ஆயிலையே எரித்து, வெறி பிடித்து ஓட ஆரம்பித்துவிட்டது. ஜெரால்ட் என்னை உதறிவிட்டு எஞ்சின் கொட்டகைக்குள் பாய்ந்து டீசலை மூடினான். வேகம் இன்னும் ஏறியது.

"நிக்க மாட்டேங்குதுண்ணே!"

காற்று போகும் வாயை அடைத்தால் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். வாசலில் கிடந்த ஈரச் சாக்கோடு உள்ளே ஓடினேன். அதற்குள் அடிப் போல்ட் அறுந்து எஞ்சின் துள்ளியது. சிந்திய ஆயிலில் வழுக்கி, சுழலும் ஃபிளைவீல் சக்கரத்துக்கு நேரே விழுந்தான் ஜெரால்ட். அந்தப் பக்கம் எஞ்சினின் வாய், இந்தப் பக்கம் இவன்.

மாதாவே! சாக்கை வீசிவிட்டு அவன் முடியைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தேன். வாசலைத் தாண்டினோம். டமார்! எஞ்சின் இரும்பு சிதறிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு துண்டு என் தோளைக் கிழித்தது.

புகை விலகியபோது எஞ்சின் பிளந்து கிடந்தது. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

"போச்சேண்ணே! ரெண்டு பேரு பயிரும் போச்சே!" மண்ணில் தலையை மோதிக்கொண்டான் ஜெரால்ட்.

ஓங்கி இன்னோர் அறை விட்டேன்.

"போய்த் தொலையட்டும்டா, சனியனே! கை காலு அசையுதா பாரு மொதல்ல!"

அவன் ஒவ்வொரு விரலாக அசைத்துக் காட்டினான். நான் வாய்விட்டு அழுதேன்.