கடைசி அறைக்குச் சூடு வரவில்லை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் வந்தது. எங்கள் தெருவின் மறுகோடியில் இருக்கும் நிலானி கூப்பிட்டார். "பாஸ்கரன் அண்ணை, ஹீட்டருக்குத் தண்ணி ஒழுங்கா ஓடேல்லை. ஒருக்கா வந்து பாக்கிறியளோ?"

எனக்கு ஹீட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது நிலானிக்கும் தெரியும். பிறகு ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "கிளென்ஃபீல்டில் ஜூலை மழை விடாமல்" — வேண்டாம். (இங்கே, பூமியின் தென்பாதியில், ஜூலைதான் குளிர்காலம்.) மழையில் தொடங்கும் கதைகளைப் படித்துக் களைத்துவிட்டேன். எழுதியும்.

இரண்டாவது: "யசீகரனும் நிலானியும் மார்ச்சிலிருந்து பேசிக்கொள்வதில்லை, ஏனென்றால்" —

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கணவனும் மனைவியும் ஏன் பேசுவதை நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. [ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன். நம்பும்படியாக இருந்தது. அதனாலேயே அழித்துவிட்டேன்.]

2

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். யசீகரன் பாலத்துக்கு அப்பால், நகரின் மறுபக்கத்தில், விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். மார்ச்சிலிருந்து வீட்டின் கடைசி அறையில் தனியாகப் படுக்கிறார். அந்த வாரம் மால் வாசலில் பார்த்தபோது சொன்னார்: "அறை சரியான குளிர் அண்ணை. பாலம் தாண்டிப் போய்வரவும் ஏலாமல் கிடக்கு. விரிப் பக்கம் ஒரு அறை பாத்திட்டன். திங்கள் முடிவு சொல்லவேணும்."

குளிரைச் சொன்னார், பாலத்தைச் சொன்னார். மனைவியைச் சொல்லவில்லை.

நிலானிக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. போனை வைக்குமுன், "திங்களுக்கு முதல் அந்த அறை சூடாக வேணும் அண்ணை," என்றார்.  

3

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. (கதையின் வேகம் குறையும். என் வேகமும் இவ்வளவுதான்.) அவர்கள் வாங்கியது ஒரு பழைய வீடு. கேரேஜில் இருக்கும் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஒவ்வோர் அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்பும். ரேடியேட்டருக்குள் காற்று சேர்ந்துவிட்டால் சூடு ஏறாது. பாய்லரை ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல்முனையில் ஒரு சின்னச் சாவியைத் திருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று போனதும் தண்ணீர் பீறிட வேண்டும். கடைசி அறையில் அது பீறிடவில்லை, சொட்டியது.

ஒருவர் கேரேஜில் நின்று பிரஷர் முள்ளைப் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும். இன்னொருவர் அறையில் சாவியைத் திருக வேண்டும். இரண்டு பேர் போதும், அவர்கள் பேசிக்கொள்பவர்களாக இருந்தால்.

என்னை ஏன் கூப்பிட்டார் என்பது அங்கே போனதும் புரிந்தது. இருவருக்கும் நடுவே தூது சொல்ல நடைவழியில் நிறுத்தப்பட்டேன்.

என் முதல் யோசனை, ஊர் வீட்டு மாடித்தொட்டி நினைப்பில்: "மேல டேங்க்ல தண்ணி இருக்கா?"

கேரேஜில் நிலானி சிரித்தார். "இருங்கோ அண்ணை, மோட்டரைப் போட்டுவிடுறன்."

"சிரிக்காமல் முள்ளைப் பாக்கச் சொல்லுங்கோ," என்றார் அறையிலிருந்து யசீகரன்.

"முள்ளைப் பாக்கச் சொல்றார்."

"கேட்டது. ஒண்டுக்குக் கீழை நிக்குது எண்டு சொல்லுங்கோ."

"ஒண்ணுக்குக் கீழேயாம்."

"எனக்கும் காது இருக்கு அண்ணை. ஒண்டரை மட்டும் தண்ணி விடச் சொல்லுங்கோ."

நிலானி விட்டார். "இப்ப வருதோ எண்டு கேளுங்கோ."

"சொட்டுத்தான். மூக்குச்சளி மாதிரி."

"அவருக்கு எதுக்கும் ஒரு உவமை வேணும்," என்றார் நிலானி. இதை அவரிடம் சொல்லச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அறையில் சாவி திரும்பும் சத்தம் மட்டும் கொஞ்சம் நின்று தொடர்ந்தது.

துளை அடைத்திருக்கும் என்று யசீகரன் ஊக்கு கேட்டார். நிலானி தாலிக்கொடியிலிருந்து ஒன்றைக் கழற்றி என் கையில் தந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

[எழுதும்போது இதை ஹேர்பின் என்று மாற்றினேன். உண்மை, திட்டமிட்டுச் செய்ததுபோல் இருந்தது. ஆனால் நடந்தது இதுதான், ஊக்குகளை அங்கே மாட்டிவைப்பது எங்கள் பெண்களின் பழக்கம். திரும்பவும் மாற்றிவிட்டேன்.]

துளையிலிருந்து பழைய பெயின்ட் உதிர்ந்தது. தண்ணீர் அப்போதும் சொட்டியது.

4

ரேடியேட்டரின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வால்வுகள். கையால் திருகும் வால்வு கொஞ்சமே திறந்தபடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. அதன் வழியேதான் அந்தச் சொட்டு. மற்றதை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருந்தது. யசீகரன் மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வு இறுக்கமாகச் சாத்தியிருந்தது. துரு தானாக ஏறும். இதை யாரோ ஸ்பானர் வைத்து மூடியிருக்கிறார்கள்.

கதை என்னை இங்கேதான் சோர்வடையச் செய்கிறது. நிலானி மூடியிருந்தால், குளிர் தாங்காமல் கணவர் பழைய அறைக்குத் திரும்புவார் என்று நினைத்திருக்கலாம். யசீகரனே மூடியிருந்தால், வீட்டைவிட்டுப் போக அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கும். வீட்டை விற்றவர்கள்மேல் பழியைப் போடலாமென்றால், போன குளிர்காலத்தில் அந்த ரேடியேட்டரின் சூட்டில் துணி காயப்போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றையும் எழுதினேன். முதலாவதில் நிலானி நல்லவராகிவிடுகிறார், இரண்டாவதில் யசீகரன் கெட்டவராகிவிடுகிறார். இருவருமே என் தெருக்காரர்கள். அவ்வளவு நல்லவரோ கெட்டவரோ இருவரிலும் யாருமில்லை.

யசீகரன் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவவிட்ட இதைச் சொல்லாதேங்கோ அண்ணை," என்றார்.

யாரைக் காப்பாற்றச் சொன்னார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

5

ஸ்பானரால் வால்வைத் திறந்தார். மேலே காற்று சீறியது. பிறகு கறுப்பாகத் தண்ணீர், அதன்பின் தெளிந்த தண்ணீர், பிடித்திருந்த கிண்ணத்தில் வேகமாக விழுந்தது.

கேரேஜில் முள் சரிந்திருக்க வேண்டும்.

"இஞ்சாருங்கோ!" நிலானியின் குரல் பயந்து வந்தது. "முள் இறங்குது! என்ன செய்தனீங்கள்?"

அண்ணை என்று தொடங்கவில்லை. சொல்லுங்கோ என்று முடியவில்லை. இஞ்சாருங்கோ என்பது யாழ்ப்பாணத்து மனைவி கணவனைக் கூப்பிடும் சொல். கூப்பிட்டபின்தான் அவருக்கே தெரிந்திருக்கும். 

யசீகரன் பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

யசீகரனுக்காகப் பதில்கள் எழுதிவைத்திருந்தேன். "மூடிக் கிடந்தது" என்றால், யார் மூடியது என்ற கேள்வி வரும். "ஒண்டுமில்லை" என்றால் எதுவும் வராது. "நீர் வந்து பாரும்" என்றால் நிலானி வந்து அந்த வால்வைப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்றையும் அடித்துவிட்டேன். கேட்டவர் என்னைக் கேட்கவில்லை.

கிண்ணம் நிறைந்துகொண்டிருந்தது. யசீகரன் சாவியை மூடிவிட்டு, கேரேஜ் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

நான் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். நீங்கள் வேண்டுமானால் நடைவழியில் நில்லுங்கள்.