ஆல் தி பெஸ்ட்

ஹாரியட்டின் கை என் விலாவில் இருக்கிறது, மூச்சு இங்கே விரியட்டும், தோளைத் தூக்காதே என்கிறாள், ஜன்னலுக்கு வெளியே ஓஹாயோவின் பனி, அல்லது அது பாளையங்கோட்டைத் தேவாலயத்தில் எங்கள் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளா, இரண்டும் ஒன்றாகவே வருகின்றன, நானும் அவளும் ஒரே நாளில் இங்கே ஒரு சின்ன ஆபரா குழுவில், வசனமெல்லாம் பாட்டாகவே வரும் நாடகம், அதன் கோரஸில் சேர்ந்தோம், இரண்டே வருடத்தில் அவள் கதாநாயகி, சனிக்கிழமைகளில் குரல் பயிற்சியும் தருகிறாள், எனக்கு மட்டும் இலவசம், நான் அவளுக்கு மாற்றுப் பாடகி, அவளால் முடியாத நாளில் மட்டும் பாட வேண்டியவள், அப்படி ஒரு நாள் வரவேயில்லை, ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு ஒரு சளிகிளி பிடிக்காதா என்று அம்மா போனில் சிரிக்கிறாள், சும்மா இரும்மா என்கிறேன், ஆனால் ஹாரியட் தும்மினால் நிமிர்ந்து உட்காருகிறேன், விலங்கியல் படித்தவள் நான், குரல்நாண் என்பது நகத்தளவு இரண்டு மடிப்பு, அவளுக்கும் எனக்கும் ஒரே திசு, பிறகு ஏன் அவள் வாயைத் திறந்தால் மட்டும் பின்வரிசை வயலின்காரர்கூடத் தலையைத் தூக்குகிறார்.

முதல் நாள் காட்சி, அங்கே யாரும் மேடைக்குப் போகிறவரை வாழ்த்துவதில்லை, வாழ்த்தினால் கெட்டுவிடும் என்று பயம், தோளுக்கு மேலாகத் தோய் தோய் தோய் என்று மூன்று முறை துப்புவதுபோல் செய்ய வேண்டும், நம் ஊரில் திருஷ்டி கழிப்பதேதான், ஹாரியட் முதுகைக் காட்டி நிற்கிறாள், சீக்கிரம் துப்புடி, கூப்பிட்டுட்டாங்க, நீ துப்பினாத்தான் எனக்குத் தைரியம், என் வாய் உலர்ந்திருக்கிறது, ஆல் தி பெஸ்ட் என்கிறேன், தெரிந்தே, தெளிவாக, அவள் திரும்புகிறாள், மறந்துட்டியா என்று சிரிக்கப் பார்க்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது.

மூன்றாம் அங்கத்தின் உச்ச சுரத்தில் அவள் குரல் உடைந்தது, இரண்டு நாளாகவே காய்ச்சலாம், யாரிடமும் சொல்லவில்லையாம், வாழ்த்தில் கிருமி இல்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் மறுநாள் பகல் காட்சிக்கு அவளுடைய உடுப்பை என் இடுப்புக்குப் பிடித்துத் தைத்தபோது நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, திரைக்குப் பின்னால் நிற்கிறேன், முதுகுக்குப் பின்னே இருமல், கழுத்தில் கம்பளி சுற்றிய ஹாரியட், படுக்காம ஏன் வந்தே என்கிறேன், குரல் வரவில்லை அவளுக்கு, வெறும் காற்றாகச் சொல்கிறாள், உனக்கு யாரு துப்புவா, என் தோளைப் பிடித்துக்கொண்டு துப்புகிறாள், பாவனையாக அல்ல, நிஜமாகவே, மூன்று முறை, கழுத்தில் ஈரம், துடைக்கப் போன கையை இறக்கிக்கொள்கிறேன், இசை தொடங்கிவிட்டது, ஓரத்தில் நின்று அவள் என் முதல் வரிக்கு வாயசைக்கிறாள், அது அவளுடைய வரி, அவளைவிட நன்றாகப் பாடிவிட வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.