சொல்ல வந்ததைச் சொல்லாத மாஸ்டர்

கேளுங்கள் கண்ணுகளா. காதுக்குள் எறும்பு புகுந்த மாதிரி குடையும் வார்த்தை ஒன்று உங்களுக்கும் இருக்கும். பக்கத்தில் இருக்கிற யாரோ அதைத் தினமும் சொல்வார்கள், உங்களுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷம் இருந்தது.

நான் வேலை பார்த்த தையல் கூடத்தில், கட்டிங் மாஸ்டர் வாயில் அது குடியிருந்தது. "நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்பார். சொல்லிவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் கொடுமை. ஏதாவது சொல்லித் தொலைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதிதாய்ச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் முழுக்க "சொல்லுங்க மாஸ்டர்" என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் அவர்களும் எங்களைப் போலப் பெருமூச்சு விடப் பழகிவிடுவார்கள்.

நாலு பேர் வரிசையாகப் படுக்கிற அளவு நீளமானது எங்கள் வெட்டு மேஜை. அதன்மேல் நாற்பது அடுக்காகத் துணி விரிப்போம். மேல் அடுக்கில் மாஸ்டர் சாக்பீஸால் கோடு போடுவார். மேஜைக்கு ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி. சுருக்கம் நீவி, ஓரத்தை விறைப்பாகப் பிடிப்பது எங்கள் வேலை. கட்டிங் மெஷினின் தலை பெரிது. கத்தி அதன் மறைவில் நிற்கும். துணியில் இறங்கிவிட்டதா இல்லையா என்பது எங்கள் பக்கத்திலிருந்து தெரியாது. மோட்டாரோ காலையில் போட்டது போட்டபடி உறுமிக்கொண்டே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை எனக்கு மண்டையிடி. அன்றைக்கு மாஸ்டர் அந்த வார்த்தையை முப்பத்தோரு தடவை சொன்னார். ஓரகத்தி விரல்விட்டு எண்ணியிருக்கிறாள்.

"இதுக்கு ஒரு வழி பண்ணணும்டி" என்றேன்.

"வாயில பட்டன் வெச்சுத் தைச்சிரலாமாக்கா?"

வழியை நான்தான் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை காலையில் ஓர் அட்டையில் எல்லோருக்கும் பொதுவாக நாலு வாக்கியம் எழுதிச் சுவரில் மாட்டினேன். முதலாவது மாஸ்டருடையது. இரண்டாவது முதலாளியம்மாவின் "தப்பா எடுத்துக்காதீங்க". அதற்குப் பின்னால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் மட்டும்தான் வரும். மூன்றாவது, இஸ்திரி போடும் அண்ணனின் "அது பெரிய கதை". நாலாவது என்னுடையதாம்: "நான் அப்பவே சொன்னேன்." ஓரகத்தி என் கையைப் பிடித்து எழுத வைத்தாள். இவற்றில் எதையாவது சொன்னவர் அன்றைக்கு முழுக்க முதுகில் வெட்டுத்துண்டு ஒன்றை ஊக்கால் குத்திக்கொண்டு அலையவேண்டும்.

மாஸ்டர் அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"என்னோடது முதல்ல இருக்கே?"

"வயசுல மூத்தவரு நீங்கதானே மாஸ்டர்" என்றாள் ஓரகத்தி.

அவரும் சிரித்தார். மனுஷர் வார்த்தை தவறாதவர். அன்றையிலிருந்து அவர் வாயிலிருந்து அது வரவே இல்லை. செவ்வாய்க்கிழமை பூராவும் என் காதுக்குள் மழை விட்ட மாதிரி இருந்தது.

புதன்கிழமை பிடித்தது சனி.

ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தோம். தையல்காரப் பெண் ஒருத்தி கோட்டை விரித்துப் பிடித்தாள். ஒரு கை மணிக்கட்டோடு நின்றது, இன்னொன்று விரலை மூடியது. அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் மேலே இருக்கிற பத்துத் துணி கச்சிதம், கீழே போகப்போகக் கோணல். மாஸ்டர் கோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், கடைசியில் தானே போட்டுப் பார்த்தார். "என் கையா இது?" என்று கேட்டார். கோட்டின் கையைக் கேட்டாரா, தன் கையைக் கேட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை.

கத்தியை மாற்றினோம். மெஷினுக்கு எண்ணெய் விட்டோம். மேஜை சாய்ந்திருக்கிறதா என்று ஒரு பாட்டிலைப் படுக்க வைத்துப் பார்த்தோம், அது உருளவில்லை. வியாழக்கிழமை மறுபடி ஒரு கட்டு கோணல். மாஸ்டர் அரைநாள் லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பி வந்தபோது அவர் முகம் இன்னும் வாடிப்போயிருந்தது. கண்ணில் குறை இருந்தால் கண்ணாடி போட்டுவிடலாம். இதற்கு எதைப் போடுவது?

முதலாளியம்மா வந்தார். "தப்பா" என்று ஆரம்பித்தவர் அட்டையைப் பார்த்தார், மீதியை விழுங்கினார், நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மாஸ்டர், இருக்கிறது ஒரே ஒரு ரோல். நாளைக்கு அதுவும் கெட்டுச்சுன்னா சனிக்கிழமையிலேர்ந்து வேற ஆளு வருவாரு."

அந்தப் பீடிகை இருந்த நாளில் கொஞ்சம் குனிந்துகொள்ளவாவது நேரம் கிடைக்கும். இப்போது சொல் நேராக நெஞ்சில் இறங்கியது. மாஸ்டர் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். முப்பது வருஷமாக வெட்டுகிறவர். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அன்றைக்கு வீட்டில் நானும் ஓரகத்தியும் பாத்திரம் துலக்கும்போது அதே பேச்சு.

"அக்கா, நாம புடிக்கிறதுல ஏதும் மாத்தியிருக்கோமா?"

"எப்பவும் போலத்தானே புடிக்கிறோம்."

"எப்பவும் எப்படிப் புடிப்போம்?"

நான் ஈரக் கையைத் தூக்கிப் பார்த்தேன். சத்தியமாகத் தெரியவில்லை கண்ணுகளா. பன்னிரண்டு வருஷம் செய்த காரியம், கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தட்டைத் துணியாக நினைத்து இருவரும் பிடித்துப் பார்த்தோம். கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை கடைசி ரோலை விரித்தோம். முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மாஸ்டர் கோடு போட்டார். மோட்டார் உறுமியது. நான் நீவுகிறேன், எதிரே ஓரகத்தி நீவுகிறாள், சுருக்கமே இல்லாத துணியில் இல்லாத சுருக்கத்தைத் தேடுகிறோம். மாஸ்டரின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அந்தத் தவிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"என்ன மாஸ்டர், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றார்.

என் இரண்டு உள்ளங்கையும் துணிமேல் அழுந்திப் படிந்தன. நான் படிய வைக்கவில்லை, அவையாகப் படிந்தன. எதிரே பார்த்தால் ஓரகத்தியின் கைகளும் அதே மாதிரி. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நானும்தான். கத்தி இறங்கி, சாக்பீஸ் கோட்டின் மேலேயே போய், வளைவில் திரும்பி வந்து நின்றது. நாற்பது அடுக்கையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தோம். ஒரு நூல் பிசகவில்லை.

நான் என் கையைப் பார்த்தேன், ஓரகத்தி அவள் கையைப் பார்த்தாள்.

"அக்கா, அட்டை மாட்டினதுலேர்ந்து கத்தி இறங்குனப்புறமும் நாம நீவிக்கிட்டே இருந்திருக்கோம்" என்றாள் மெதுவாக.

முதலாளியம்மாவுக்குப் புரியவில்லை. நாங்கள் விளக்க விளக்க இன்னும் குழம்பினார். "அந்த வார்த்தைய சொன்னாத்தான் துணி ஒழுங்கா வெட்டுமா?" என்று கேட்டார். துணி இல்லை, நாங்கள் என்றோம். மாஸ்டரைப் பேசாமல் வெட்டச் சொல்லிக் கழிவுத் துணியில் பரீட்சை வைத்தார். கோணல். சொல்லிவிட்டு வெட்டச் சொன்னார். நேர். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அட்டையின் முதல் வரியைத் தானே பேனாவால் அடித்தார். "நாளைக்கு வேற ஆளு வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார்.

எங்கள் எல்லோரையும்விட அதிகம் குழம்பி நின்றவர் மாஸ்டர்தான்.

"அப்படியா தினமும் சொன்னேன்? எனக்கே தெரியாதும்மா. கத்தி இறங்குறப்ப நெஞ்சு லேசா அடிச்சுக்கும். அப்ப ஏதோ சொல்லணும்போல இருக்கும், அவ்வளவுதான்."

எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்தப் பூரிப்பில் வாய் முந்திக்கொண்டது.

"மாஸ்டர் மேல தப்பே இருக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

ஓரகத்தி இடுப்பில் கைவைத்தாள். "அப்பவே என்னக்கா சொன்ன? அட்டை மாட்டணும்னு சொன்ன."

மாஸ்டரே ஒரு வெட்டுத்துண்டை எடுத்து வந்தார். ஊக்கு என் முதுகில் பட்டுவிடுமோ என்று அவருக்குப் பயம். குத்துவதற்கு முன்னால் என் பின்னால் நின்றுகொண்டு, "நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றார்.

நான் ஆடாமல் நின்றேன்.